பஸ்ஸர் கத்தலாமா, கூடாதா?



போன திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் வாசித்த அறிவிப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்த ஆண்டு அறிவியல் கண்காட்சியில் வைக்கும் எந்தப் படைப்பிலும் ஒலி எழுப்பும் கருவி இருக்கக் கூடாது, பஸ்ஸர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்கு மட்டும் வைக்க வேண்டும் என்பது அறிவிப்பு. வாசித்து முடித்ததும் பின்வரிசையில் ஒரே சிரிப்பு. ஏன் சிரித்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருடக் கண்காட்சி நாளில் பள்ளிக்கு வந்த யாருடைய காதும் அதை மறந்திருக்காது.

இந்தத் தடை வேண்டாம் என்று எழுதத்தான் இந்தச் சார்ட் தாளைக் கேட்டு வாங்கினேன். ஆனால் தடை போட்ட ஆசிரியர்கள் மேல் தப்பு என்று சொல்ல வரவில்லை. தப்பு எங்கள் மேல்தான். அதிலும் என் மேல் கொஞ்சம் அதிகம். (எழுத நிறைய இருப்பதால் எழுத்தைச் சின்னதாக்கி இருக்கிறேன். கிட்ட வந்து படியுங்கள்.)

போன வருடம் என்ன நடந்தது? தீ அலாரம், மழை அலாரம், திருடன் அலாரம், தண்ணீர்த் தொட்டி அலாரம், பார்வையற்றோருக்கான ஊன்றுகோல் என்று பாதி மேசைகளில் பஸ்ஸர். திருடன் அலாரம் வைத்திருந்தவர்கள் லேசர் கதிரை நடைபாதையின் குறுக்கே விட்டுவிட்டார்கள். போகிறவர், வருகிறவர் எல்லாரும் திருடர்தான். மழை அலாரத்தின் மேல் யாரோ ஃப்ளாஸ்க் தண்ணீரைக் கொட்டிவிட, அது காயும் வரை அரை மணி நேரம் மழை பெய்துகொண்டே இருந்தது. நடுவராக வந்த ஐயா ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் மதிப்பெண் போட்டார். அடுத்த கட்டிடத்தில் பத்தாம் வகுப்புக்கு மாதிரித் தேர்வு வேறு.

ஊன்றுகோல் செய்தது எங்கள் குழு. அதற்கு இரண்டாம் பரிசும் கிடைத்தது. அந்தச் சான்றிதழ் இப்போதும் எங்கள் வீட்டு டி.வி. மேல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல் இருக்கும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பஸ்ஸரைப் பற்றிக் கொஞ்சம்.

பஸ்ஸரைப் பொம்மை என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய. வீட்டில் அடுப்பு பற்றவைக்கிற லைட்டரை 'டக்' என்று அமுக்கினால் தீப்பொறி வருகிறதே, அதற்குள் பேட்டரியா இருக்கிறது? ஒரு படிகம் இருக்கிறது. அதைத் தட்டினால் மின்னழுத்தம் பிறக்கும். இந்தத் தன்மையை 1880-ல் கண்டுபிடித்தவர்கள் பாரிசில் இருந்த ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி. தம்பி பியர்தான் பின்னாளில் மேரி கியூரியோடு சேர்ந்து 1898-ல் ரேடியத்தைக் கண்டறிந்தவர். தட்டினால் மின்சாரம் வரும் என்றால், மின்சாரம் கொடுத்தால் படிகம் அசைய வேண்டுமே என்று 1881-ல் லிப்மன் என்பவர் கணக்குப் போட்டுச் சொன்னார். கியூரி சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதி செய்தார்கள். பித்தளைத் தகடு ஒன்றில் வெள்ளையாகச் சாந்து பூசியது போல ஒரு வில்லை ஒட்டியிருக்குமே, பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டையைப் பிரித்தால் கிடைக்குமே, அது இந்த லைட்டரின் தலைகீழ். மின்சாரம் மாறி மாறி வர, தகடு வளைந்து வளைந்து காற்றை அடிக்கிறது.

இன்னொரு வகை, கறுப்பாகச் சின்ன உருளை மாதிரி இருக்கும். அதற்குள் கம்பிச்சுருள், காந்தம், மெல்லிய இரும்புத் தகடு. நம் பாடப் புத்தகத்து மின்சார மணியின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் தலையில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும், கழுவிய பிறகு எடுத்துவிடவும் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். தொழிற்சாலையில் ஈயம் வைத்து முடித்த போர்டைக் கழுவும்போது ஓட்டைக்குள் தண்ணீர் போகாமல் இருக்கத்தான் அது. போன வருடம் எங்களுக்கு அது தெரியாது. சத்தம் போதவில்லை என்று சீட்டைக் கிழித்தோம். கிழித்தபின் பள்ளிக்கே போதுமான சத்தம் வந்தது.

இதில் எல்லாரும் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. பஸ்ஸரில் ஆக்டிவ், பாஸிவ் என்று இரண்டு ஜாதி. ஆக்டிவ் பஸ்ஸருக்குள்ளேயே அதிர்வை உண்டாக்கும் சுற்று இருக்கிறது. 5 வோல்ட் கொடுத்தால் போதும், 'ஙீ' என்று தன் ஒரே ராகத்தில் ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் 2000-லிருந்து 3000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும் அந்த ராகம். நம் காது ரொம்பக் கூர்மையாகக் கேட்கிற இடமும் அதை ஒட்டித்தான், அதனால்தான் அவ்வளவு எரிச்சல். பாஸிவ் பஸ்ஸருக்கு வெறும் 5 வோல்ட் கொடுத்தால் ஒரு 'டிக்' சத்தத்தோடு சும்மா உட்கார்ந்துவிடும். அதற்கு நாம்தான் அதிர்வைக் கொடுக்க வேண்டும். ஆர்டுயினோவில் 'டோன்' என்ற கட்டளை இருக்கிறது. போர்டு இல்லாதவர்கள் 555 ஐ.சி. போதும்: 1 கிலோ ஓம், 33 கிலோ ஓம், 0.01 மைக்ரோ ஃபாரட் போட்டால் 2150 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாம் எல்லாரும் வாங்குவது எது? ஆக்டிவ்தான். ஏனென்றால் சுலபம். கம்பியைச் செருகினால் கத்தும். பாஸிவ் வாங்கியவன் 'இது வேலை செய்யலண்ணே' என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்த கதையும் நம் வகுப்பில் உண்டு (பெயர் சொல்ல மாட்டேன், அவன் என் பெஞ்சுக்குப் பின்னால்தான் இருக்கிறான்).

மூன்று கால் வைத்த மாட்யூல் வாங்கினால் இன்னொரு கூத்து. அந்த மாட்யூல்கள் பலவற்றில் இருக்கும் டிரான்சிஸ்டர் தலைகீழ் வகை. சிக்னல் காலுக்கு 'ஹை' கொடுத்தால் சும்மா இருக்கும், 'லோ' கொடுத்தால் கத்தும். எங்களுக்கு இது புரியவே இரண்டு நாள் ஆனது. கத்தச் சொன்னால் அமைதி, அமைதி என்றால் கத்தல். கடைசியில் ஏன் என்று தெரிந்துகொள்ளாமலேயே புரோகிராமில் இரண்டையும் மாற்றி எழுதிச் சமாளித்தோம். அதனால் ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் ஆரம்பத்தில் ஒரு தடவை அலறிவிட்டுத்தான் அடங்கும். பின்னை அவுட்புட் என்று அறிவிப்பதற்கு முன்னாலேயே 'ஹை' எழுதிவிட்டால் அந்த அலறல் வராது என்று இந்த வருடம்தான் கற்றுக்கொண்டேன்.

சரி, பரிசு வாங்கிய ஊன்றுகோலுக்கு வருகிறேன்.

மீயொலி உணரி ஒன்றைக் கோலின் நுனிப் பக்கம் கட்டியிருந்தோம். அது 40,000 ஹெர்ட்ஸில் ஒலி அனுப்பும், பட்டுத் திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். ஒரு மீட்டருக்குள் ஏதாவது இருந்தால் பஸ்ஸர் கத்தும். வகுப்பறையில் காலியாக இருந்தபோது அருமையாக வேலை செய்தது. கண்காட்சிக் கூடத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்தோமா? கூடம் முழுக்க மனிதர்களின் கால்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மீட்டருக்குள் யாராவது இருப்பார்கள். காலை பத்து மணிக்குக் கத்த ஆரம்பித்தது மதியம் பேட்டரி தீரும் வரை நிற்கவில்லை. கூட்டமோ நன்றாக வந்தது. சத்தம் கேட்கிற இடத்துக்குத்தானே கூட்டம் வரும்! நாங்களும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் நம் பள்ளியில் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தங்கச்சி ஒருத்தி தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். அவள் வந்ததும் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. 'உனக்காகத்தாம்மா செஞ்சிருக்கோம்' என்று கோலைக் கையில் கொடுத்தோம். நாலு அடி நடந்தாள். நின்றாள். கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, இது கத்துறதுல நீங்க பேசுறதே கேக்கல. எனக்குக் காதுதானக்கா கண்ணு. அதையும் மூடிட்டீங்களே."

பக்கத்து மேசையில் தண்ணீர்த் தொட்டி அளவு காட்டும் கருவி. அவர்களிடம் பஸ்ஸர் வாங்கக் காசு இல்லை, நாலு வண்ணத்தில் எல்.இ.டி. மட்டும். 'இது என்ன செய்யும்?' என்று கேட்டாள். 'தண்ணி ஏற ஏற லைட் எரியும்' என்றார்கள். 'ஓ' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். அவர்கள் எப்படிக் காட்டுவார்கள், பாவம்! அந்தக் கருவி அவளைப் பொறுத்தவரை வெறும் பிளாஸ்டிக் டப்பா.

இந்த இரண்டு மேசைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் பஸ்ஸர் அளவுக்கு மீறி இருந்தது, ஒன்றில் இல்லவே இல்லை. இரண்டுமே அவளுக்கு உதவவில்லை. இந்த வருட அறிவிப்பு எல்லா மேசையையும் இரண்டாவது மேசை மாதிரி ஆக்கிவிடும். அதனால்தான் எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஆசிரியர்கள் பக்கத்து நியாயத்தையும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் அது ஒருபக்கப் பேச்சு. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் இருக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல்தான் அளவு. நாம் வாங்கும் சின்னப் பஸ்ஸர் 10 சென்டிமீட்டர் தூரத்தில் 85 டெசிபல் கொடுக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். ஆக, ஒரு மீட்டரில் 65. இரண்டு மீட்டரில் 59. சாதாரணமாக நாம் பேசுவதே 60 பக்கம். ஒரு பஸ்ஸருக்கே இந்த நிலை. பத்து பஸ்ஸர் சேர்ந்தால் இன்னும் 10 டெசிபல் கூடும். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தனி. நடுவர் கேள்வி கேட்டதும் எங்களுக்குக் காதில் விழவில்லை, நாங்கள் சொன்ன பதிலும் அவருக்கு விழவில்லை. (அதனால்தான் இரண்டாம் பரிசு கிடைத்ததோ என்னவோ.)

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். உள்ளே விஷயமே இல்லாத படைப்புக்குக்கூடப் பஸ்ஸர் மாட்டினால் ஆள் திரும்பிப் பார்ப்பார்கள். கண்காட்சியில் பாதிப் பஸ்ஸர் அதற்காக மாட்டியதுதான். புலி வருது, புலி வருது என்று கத்தியவனின் கதை தெரியும்தானே? பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இந்தச் சங்கடம் உண்டு. ஓயாமல் கருவிகள் ஒலித்துக்கொண்டிருந்தால் நாளடைவில் செவிலியர்களின் காது அதற்குப் பழகி, உண்மையான எச்சரிக்கையும் கவனத்தில் விழாமல் போய்விடுகிறது. பஸ்ஸரை வீணாக்கினால் சத்தம் மட்டும் மிஞ்சும், எச்சரிக்கை போய்விடும்.

ஆனால் அதற்காகக் கழற்றி எறிந்துவிடலாமா? எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். வந்தால் மோட்டார் போட்டு மாடித் தொட்டியில் ஏற்றுவோம். தொட்டி நிறைந்தால் சிவப்பு விளக்கு எரியும்படி நானே செய்து வராந்தாவில் மாட்டினேன். அம்மா சமையல்கட்டில், பாட்டி கொல்லையில், நான் டியூஷனில். விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது, தண்ணீர் பாட்டுக்கு மாடியிலிருந்து ஊற்றுகிறது. கீழ்வீட்டு அத்தை வந்து சத்தம் போட்ட பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அத்தைதான் அன்றைக்கு எங்கள் பஸ்ஸர்.

'பார்த்துக்கிட்டே நிக்கிறதுக்கு ஆள் இருந்தா உன் லைட்டு எதுக்கு?' என்று அம்மா கேட்டார்கள். சரியான கேள்வி. விளக்கு தன்னைப் பார்ப்பவருக்குத்தான் சொல்லும். வேறு வேலையில் இருப்பவர், தூங்குபவர், முதுகைக் காட்டி நிற்பவர், கண் தெரியாதவர் இவர்களுக்கெல்லாம் சத்தம்தான் சேதி கொண்டுபோகும். நம் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். திருச்செந்தூரில் முருகனுக்குப் பூசை ஆனதும் வழிநெடுகக் கட்டிய மணி மண்டபங்களில் ஒன்றன் பின் ஒன்றாக மணி அடிப்பார்களாம், அது பாஞ்சாலங்குறிச்சி வரை வந்து சேர்ந்த பிறகுதான் கட்டபொம்மன் சாப்பிட உட்காருவாராம். அந்த மணி நாள் முழுக்கவா அடித்தது? பூசை ஆன நேரத்துக்கு மட்டும் அடித்தது. அதனால்தான் அதற்கு அர்த்தம் இருந்தது.

அந்தப் பழைய கதைகூட வேண்டாம், நம் வீட்டுக் குக்கரைப் பாருங்கள். பருப்புக்கு மூணு விசில், கறிக்கு ஆறு விசில் என்று அம்மா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே எண்ணுகிறார்கள். விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே அமைதி இருக்கிறது, அதனால்தான் எண்ண முடிகிறது. குக்கர் நம் பஸ்ஸர் மாதிரி ஓயாமல் கத்தினால் எந்த அம்மாவால் சமைக்க முடியும்? அமைதியையும் சேர்த்து வடிவமைக்க வேண்டும் என்பது எனக்குக் குக்கர் சொல்லிக் கொடுத்தது.

இதை வைத்து வீட்டுக் கருவியை மாற்றினேன். தொட்டி முக்கால் ஆனால் ஒரு 'பீப்'. நிறைந்தால் மூன்று 'பீப்', பிறகு பத்து விநாடி அமைதி, மறுபடி மூன்று. மோட்டாரை நிறுத்தியதும் அதுவும் நின்றுவிடும். இப்போது பாட்டியே கொல்லையிலிருந்து 'ஏட்டி, மூணு தடவ கத்திட்டு, மோட்டார அமத்து' என்கிறார்கள்.

ஊன்றுகோலை என்ன செய்தோம்? கண்காட்சி முடிந்த மறு வாரம் நானும் என் குழுவும் அந்தத் தங்கச்சியிடம் போய்க் கேட்டோம். உண்மையைச் சொன்னால், செய்வதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பார்வையற்றவருக்காகக் கோல் செய்த எத்தனை குழுக்கள் ஒரு பார்வையற்றவரிடம் போய்க் கேட்டிருக்கின்றன? போன வருடம் நம் பள்ளியில் மூன்று கோல். மூன்று குழுவும் கேட்கவில்லை.

அவள் சொன்னாள், ரோட்டில் போகும்போது வண்டிச் சத்தம், செருப்புச் சத்தம், கடைச் சத்தம், சுவர் ஓரம் வரும்போது தன் காலடிச் சத்தம் மாறுவது எல்லாவற்றையும் கேட்டுத்தான் போவாளாம். கையில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தால் அது எல்லாம் போச்சு. "கைப்பிடியில நடுங்கினா போதும்க்கா, எனக்கு மட்டும் தெரியும். ஊருக்கெல்லாம் எதுக்குத் தெரியணும்?" டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவாக்கி 2014-ல் வெளியிட்ட 'ஸ்மார்ட்கேன்' என்ற கோலும் அதிர்வைத்தான் பயன்படுத்துகிறது என்று பிறகு படித்தோம். எங்களுக்கு அதை ஒன்பதாம் வகுப்பே சொல்லிவிட்டது!

பழைய செல்போனிலிருந்து அதிர்வு மோட்டாரை எடுத்துக் கைப்பிடிக்குள் வைத்தோம். பஸ்ஸருக்குப் போட்ட அதே சுற்றுதான். பேஸில் 1 கிலோ ஓம், மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு. டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினோம், பி.சி. 547-க்கு 100 மில்லி ஆம்பியர்தான் எல்லை, மோட்டார் கிளம்பும்போது அதைத் தாண்டிவிடும். அதனால் 2 என் 2222. (ஆர்டுயினோ காலிலேயே நேராக மோட்டாரையோ காந்தப் பஸ்ஸரையோ மாட்டாதீர்கள். ஒரு காலுக்கு 20 மில்லி ஆம்பியருக்குள் இருப்பதுதான் நல்லது. காந்தப் பஸ்ஸரே 30 கேட்கும்.)

'அப்போ பஸ்ஸரைக் கழட்டிடலாமா?' என்று கேட்டோம். இங்கேதான் நான் எதிர்பார்க்காத பதில். "வேண்டாம்க்கா. கோல் கைதவறிக் கீழ விழுந்தா எங்க கெடக்குன்னு தெரியாது. தடவித் தடவித் தேடணும். அப்ப அது கத்தணும்."

நாங்கள் யாருமே யோசிக்காத வேலை அது! சாய்வு ஸ்விட்ச் ஒன்று வைத்தோம், உள்ளே சின்னக் குண்டு உருளும் வகை. கோல் இரண்டு விநாடிக்கு மேல் படுத்தே கிடந்தால் பஸ்ஸர் ஒலிக்கும். சோதித்தோம். சத்தம் கேட்கிறது, ஆனால் அவள் கை வேறு பக்கம் போகிறது. "கேக்குது, எங்கேன்னுதான் தெரியல" என்றாள். நாங்களும் கண்ணை மூடித் தேடிப் பார்த்தோம், எங்களாலும் முடியவில்லை. ஒரே ராகத்தில் வரும் 2000, 3000 ஹெர்ட்ஸ் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நம் காதுகள் ரொம்பத் தடுமாறும். பல அலைவரிசை கலந்த 'டிக்', 'டக்' மாதிரி ஒலி என்றால் சட்டென்று திரும்பிவிடுவோம். ஆக்டிவ் பஸ்ஸரை எடுத்துவிட்டு, சும்மா உட்கார்ந்துவிடும் என்று நாம் கேலி செய்தோமே அந்தப் பாஸிவ் பஸ்ஸரைப் போட்டோம். அரை விநாடிக்கு ஒருமுறை ஒரே ஒரு துடிப்பு. டிக்... டிக்... டிக்... இரண்டாவது தடவையே நேராகக் கை வைத்து எடுத்துவிட்டாள். சத்தமும் முன்னைவிடக் குறைவு.

ஆகவே ஆசிரியர்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். தடையை நீக்கிவிட்டு, கட்டுப்பாடு போடுங்கள். பஸ்ஸர் வைக்கும் ஒவ்வொரு மேசையிலும் அதை நிறுத்த ஒரு ஸ்விட்ச் இருக்கட்டும், பார்வையாளர் கேட்டால் மட்டும் போடட்டும். தொடர்ந்து மூன்று விநாடிக்கு மேல் கத்தினால் மதிப்பெண் குறையுங்கள். இந்தப் பஸ்ஸர் யாருக்கு, என்ன சேதி சொல்கிறது என்று மேசையில் ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுத முடியாதவர்களின் பஸ்ஸரை நானே வந்து கழற்றித் தருகிறேன். சத்தம் அதிகம் என்றால் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள், எங்கள் பஸ்ஸரில் நன்றாகவே அடங்கியது. அதுவும் இல்லையா, கிழித்த அந்தச் சீட்டைத் திரும்ப ஒட்டினாலும் ஆகும்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பீப் சத்தத்துக்கு 'டிலே' கட்டளையைப் போடாதீர்கள். அந்த நேரம் முழுக்க போர்டு வேறு எதையும் கவனிக்காது, பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும்போதே கோல் சுவரில் முட்டும். 'மில்லிஸ்' வைத்து நேரம் பார்த்து எழுதப் பழகுங்கள். கொஞ்சம் தலைவலிதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். விளக்கையும் கழற்றாதீர்கள். ஏழாம் வகுப்பில் காது கேட்காத தம்பி ஒருவன் இருக்கிறான், அவனுக்குப் பஸ்ஸர் எவ்வளவு கத்தினாலும் ஒன்றுதான். விளக்கும் வேண்டும், ஒலியும் வேண்டும், முடிந்தால் அதிர்வும். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு நல்ல பேனா விலைக்கு மேல் ஆகாது.

நான் சொன்னதில் உடன்பாடு இல்லாதவர்கள் எழுதுவதற்காகக் கீழே எட்டு வரி இடம் விட்டிருக்கிறேன். பென்சிலில் எழுதவும், சார்ட் தாள் அடுத்த மாதமும் வேண்டும். ஊன்றுகோலைப் பார்க்க விரும்புபவர்கள் மதிய இடைவேளையில் இயற்பியல் ஆய்வகத்துக்கு வரலாம். புதன்கிழமை தலைமையாசிரியரிடம் பேச அனுமதி கேட்டிருக்கிறேன், சேர்ந்து வருபவர்கள் பெயர் கொடுக்கவும்.

சுவரில் ஒட்டினால் அந்தத் தங்கச்சியால் படிக்க முடியாது என்பதால், ஒட்டுவதற்கு முன் நேற்று இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். "நான் கோவமா சொன்ன மாதிரி இருக்குக்கா. நான் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், அந்தச் சத்தத்துல உங்களுக்குத்தான் கேக்கல."

- பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி